ஏழாம் எண் ஸ்பாட்டர்

விலங்கியல் துறையில் செய்முறைத் தேர்வு வந்துவிட்டால் பிராணிகளுக்கெல்லாம் பெயர் போய்விடும். வருஷம் முழுக்க ஃபார்மலின் ஜாடிக்குள் பெயரும் விலாசமுமாக நிற்கிற கடல்குதிரையும் நட்சத்திர மீனும் அந்த இரண்டு நாளும் ஊர்பேர் தெரியாமல் நிற்கும். லேபிள்களைப் பிய்க்க வேண்டும், பிய்க்க வராதவற்றின் மேல் வெள்ளைத்தாள் ஒட்ட வேண்டும், சுவரில் தொங்கும் படங்களைத் திருப்பி மாட்ட வேண்டும். பார்த்து எழுத ஒரு எழுத்து மிஞ்சக் கூடாது என்பதில் துறைத்தலைவர் பிளாரன்ஸ் மேடம் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். போன வருஷம் மாடிப்படிச் சுவரில் எவனோ கிறுக்கி வைத்திருந்த ஒரு புழுவின் பெயருக்காக அந்தச் சுவருக்கே வெள்ளையடிக்க வைத்தார்.

இந்த வேலையெல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள் தலையில்தான் விடியும். சந்தனச்செல்விக்கு இது மூன்றாவது வருஷம், அதனால் கை பழகிவிட்டது. உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவரின் மகள் தூத்துக்குடிக்கு வந்து நத்தையோடு மல்லுக்கட்டுகிறாள் என்பதை அவள் வீட்டில் இன்னும் யாரும் முழுசாக நம்பவில்லை. நத்தை என்றதும் மழைக்காலத்தில் கிணற்றடியில் ஊர்வது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. கூம்பு நத்தை என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும், மேலே பனையோலைப் பாய் முடைந்த மாதிரி தங்க நிறத்தில் அழகான கோலம். அந்த அழகுதான் வினை. யார் பார்த்தாலும் கை தானாகப் போய் எடுக்கும். எடுத்தால் உள்ளே இருப்பது மெல்லிய குழல் ஒன்றை நீட்டி, ஊசி மாதிரிப் பல்லைப் பாய்ச்சும். துணியைத் துளைக்கும், தோலைத் துளைக்கும். விஷம் ஏறினால் மூச்சு அடங்கிப் போகலாம். அதற்கு எதிர்மருந்து என்று ஒன்று இதுவரை இல்லை. மூச்சு திரும்புகிற வரைக்கும் இயந்திரம் வைத்துச் சுவாசம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அவளிடம் அப்படி நான்கு நத்தைகள் உயிரோடு இருந்தன. திரேஸ்புரத்துப் படகுகளின் வலையில் எப்போதோ ஒன்று என்று சிக்கியவற்றைச் சேர்த்துச் சேர்த்து, தேர்வுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்த்தாள். பிளாரன்ஸ் மேடம் அதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். "ஒரு சின்னப் பிரச்சினை வந்தாலும் தொட்டிய அப்படியே கடல்ல கவுத்திருவேன், பொறவு எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்று சொல்லித்தான் சம்மதித்தார். அதனால் செல்வி தொட்டியின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். உயிருள்ள நத்தை, கையில் எடுக்காதே என்று எழுதி, கீழே அதன் விஞ்ஞானப் பெயரையும் எழுதியிருந்தாள்.

அந்த லேபிளைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவளே பிய்த்தாள். தேர்வுக்கு வைத்த ஸ்பாட்டர்களில் ஏழாவது, மியூசியத்து அலமாரியில் இருந்து எடுத்த காய்ந்த கூம்புச் சங்கு. மாணவர்கள் மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு தட்டாக நகர்ந்து, பிராணியைப் பார்த்து அதன் பெயரும் குணமும் எழுத வேண்டும். கூடத்துக்குப் போகிற வழியில் தொட்டி இருக்கிறது. ஏழாம் எண்ணுக்கு விடையைத் தொட்டி மேல் எழுதி வைத்துக்கொண்டு தேர்வு நடத்தினால் மேடம் சும்மா விடுவாரா? செல்வி லேபிளை எடுத்தாள். பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு எச்சரிக்கையை விட்டுவைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தொட்டியைத் திறக்கிறவள் தான் ஒருத்திதானே என்று இருந்துவிட்டாள்.

தேர்வு அன்று காலையில் தொட்டித் தண்ணீர் கலங்கியிருந்தது. நான்கில் பெரிய நத்தையை இடுக்கியால் எடுத்து எனாமல் தட்டில் கொஞ்சம் கடல் தண்ணீர் ஊற்றி வைத்து, மேலே ஈரத்துணி போட்டாள். மற்ற மூன்றையும் எடுப்பதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார். மணி அடிக்க ஆள் இல்லை. ஓடியவள் சாயங்காலம் வரை மணியும் கையுமாகவே நின்றாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சண்முகசுந்தரி மேடம். ஆத்தூர்க்காரர், திருச்செந்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நெடுநாளாக விலங்கியல் நடத்துகிறவர். குரல் கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்கும். வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவியிடம் ஏழாம் எண்ணைக் காட்டி அவர் கேட்டது செல்வியின் காதில் விழுந்தது.

"இத உயிரோட பாத்தா என்ன செய்வ?"

"தொட மாட்டேன் மேடம்."

"தெரியாமத் தொட்டுட்ட. கொத்திருச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போவேன் மேடம்."

"அங்க என்ன மருந்து குடுப்பாங்க?"

மாணவி விழித்தாள். "மருந்து கிடையாதும்மா. அத எழுதுனாத்தான் முழு மார்க்கு" என்று சண்முகசுந்தரி மேடம் சிரித்துக்கொண்டே அடுத்தவளைக் கூப்பிட்டார். செல்விக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போயிற்று.

நாலு மணிக்கு முதல் பேட்ச் முடிந்தது. விடைத்தாள்களைக் கட்டி, தேர்வாளரை அனுப்பிவைத்து, துறையே பெருமூச்சு விட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் செல்விக்குத் தட்டு நினைவு வந்தது. அறைக்குள் போனாள். ஈரத்துணி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டில் தண்ணீர் இருந்தது, நத்தை இல்லை.

ஊர்ந்து போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கைபேசி வெளிச்சத்தில் மேசைக்கு அடியில், அலமாரிச் சந்தில், ஜன்னல் கட்டையில் தேடினாள். தொட்டியில் மூன்றும் இருந்த இடத்தில் இருந்தன. துணி மடித்திருந்ததை அப்புறம்தான் யோசித்தாள். நத்தை துணி மடிக்காது. குப்பைக்கூடையைப் பார்த்தாள். மேலாகவே ஒரு டிஷ்யூ காகிதம், திரியாகச் சுருட்டி நனைந்து கிடந்தது. எடுத்து முகர்ந்தால் கடல் வாடை அடித்தது.

துறைத்தலைவர் அறையில் பிளாரன்ஸ் மேடம் மக்ரூன் டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். "வா செல்வி, எடுத்துக்கோ. சண்முகசுந்தரி மேடம் நம்ம டிபார்ட்மெண்ட அப்படிப் புகழ்ந்துட்டுப் போறாங்க" என்றார்.

"மேடம், என் ரூம்ல தட்டுல ஒரு சங்கு இருந்துச்சே."

"அதா? அதத்தான் அவங்களுக்குக் குடுத்தேன்."

வெளித்தேர்வாளருக்கு முதல் நாளே மக்ரூனும் ஒரு சங்கும் கொடுத்து அனுப்புவது அந்தத் துறையின் வழக்கம். வழக்கமாகக் கடைத்தெருவில் பெட்டியில் போட்டதாக வாங்கி வைப்பார்கள். இந்த வருஷம் எல்லாரும் மறந்துவிட்டார்கள். "ஏழாம் நம்பரக் குடுத்துட்டு நாளைக்கு வேற வச்சிக்கலாம்னு பாத்தா பிள்ளைங்க பேனா மையாக்கி வச்சிருக்குதுங்க. ஒன் ரூம்ல ஒண்ணு பளபளன்னு இருந்துச்சு. நம்ம லேபு ஏசுவடியான் கழுவி வச்சிருக்கான்னு எடுத்தேன். அவன் எப்பவும் ஈரத்துணியிலதான போட்டு வைப்பான்" என்றார் மேடம்.

"மேடம், அது காஞ்ச சங்கு இல்ல."

மேடம் கையில் இருந்த மக்ரூனைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

"உயிரோட இருக்கு மேடம். தண்ணி மாத்துததுக்காக எடுத்து வச்சிருந்தேன்."

"ஏளா, லேபிள் எங்க?"

"தேர்வுக்காகப் பிய்ச்சிட்டேன் மேடம். அதுல பேரு இருந்துச்சு."

யார் சொல்லி யார் பிய்த்தது என்று இருவருக்குமே தெரியும். மேடம் கைபேசியை எடுத்துச் சண்முகசுந்தரி மேடத்தைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதுதான் செல்விக்கு உறைத்தது. தேர்வுக் கூடத்துக்குள் நுழைகிறபோது கைபேசியைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னவள் அவள்தான். அந்த அம்மாள் சொன்னபடி வைத்துப் பைக்குள் போட்டதை அவள் பார்த்தாள்.

ஆய்வக உதவியாளர் ஏசுவடியான் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். தேர்வாளரைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறாராம். திருச்செந்தூர் போகிற பச்சை நிறத் தனியார் பஸ், டிரைவருக்குப் பின்னால் சீட்டுப் பிடித்துக் கொடுத்தேன் என்றார் பெருமையாக.

டிரைவருக்குப் பின்சீட்டு என்றால் இஞ்சின் சூடு என்று செல்வி நினைத்தாள். தண்ணீர் இல்லாமல் மூடிக்கொண்டு கிடக்கிற நத்தை பல மணி நேரம் அப்படியே கிடக்கும். சூடு பட்டால் கிடக்காது, வெளியே வரும்.

"ரெனிஷு, பைக்க எடு" என்று வராந்தாவில் கத்தினாள். இடுக்கியையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடியவளைப் பிளாரன்ஸ் மேடம் வாசலில் பிடித்து நிறுத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தாலும் குரல் நிதானமாகவே இருந்தது.

"செல்வி, உயிரோட இருக்குன்னு சொல்லிராத. மியூசியம் பீஸ் மாறி வந்திருச்சு, திருப்பிக் குடுங்கன்னு மட்டும் சொல்லு. அவங்க பாடத்திட்டக் குழுவுல இருக்காங்க. விலங்கியல் துறைத்தலைவர் விஷ நத்தையப் பரிசாக் குடுத்தாங்கன்னு தெரிஞ்சா என்னைய எவன் மதிப்பான்? ஒன் தொட்டியும் போயிரும், யோசிச்சிக்கோ."

செல்வி தலையாட்டினாள். தொட்டி என்ற சொல் அவளைத் தைத்தது. அந்தத் தொட்டிக்குள்தான் அவளுடைய பட்டம் இருந்தது.

ரெனிஷ் அவளோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன், நண்டு ஆராய்ச்சிக்காரன், திரேஸ்புரத்துக்காரன். அந்தப் பெரிய நத்தையைப் படகிலிருந்து வாங்கி வந்து கொடுத்ததே அவன்தான். வழக்கமாக அவன் வாய் சும்மா இருக்காது. விஷயத்தைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை முறுக்கினான். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம் வந்தது. சாயங்கால வெயில் உப்புக் குவியல்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. செல்வி கைபேசியில் அந்த அம்மாளை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் மணி முழுசாகப் போய் அறுந்தது. அந்த அம்மாளுக்கு ஏதோ ஆகிவிட்டதால்தான் எடுக்கவில்லை என்று ஒரு நினைப்பு வந்து, விரட்ட விரட்டப் போக மாட்டேன் என்றது.

சங்கு கிடைத்தால் எல்லாரும் முதலில் என்ன செய்வார்கள்? காதில் வைப்பார்கள். படித்தவர், படிக்காதவர் என்று இதில் வித்தியாசமே கிடையாது.

துறைமுகச் சாலை பிரிகிற இடத்தில் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்காக நின்றுபோயிருந்தது. பின்னால் லாரியும் காரும் பஸ்ஸுமாக முத்தையாபுரம் வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றன. வேறு நாளாக இருந்தால் ரெனிஷ் அந்த லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான். இன்று "புண்ணியவான்" என்றான். சாலையை விட்டு இறக்கி, புழுதியும் உப்பு மண்ணுமான ஓரத்தில் வண்டியை விட்டான். ஒவ்வொரு பஸ்ஸாகத் தாண்டினார்கள். சிவப்பு, அப்புறம் ஒரு கம்பெனி பஸ், அப்புறம் பச்சை.

செல்வி வண்டி நிற்கும் முன்னே குதித்து முன்படியில் ஏறினாள். பஸ்ஸுக்குள் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. டிரைவருக்குப் பின்சீட்டில் சண்முகசுந்தரி மேடம் முழுசாக, நலமாக, கையில் பாதி மக்ரூனோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஜன்னலோரத்தைப் பார்த்தாள்.

அங்கே யூனிஃபார்மில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும். கைக்குழந்தையோடு நின்ற அதன் அம்மாவுக்காக மேடம் இடம் ஒதுக்கிப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். கன்னத்தில் அழுத தடம். சமாதானப்படுத்த அந்தச் சங்கைக் கையில் கொடுத்திருக்கிறார். பிள்ளை நத்தையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

"மிஸ், சத்தமே வரல" என்றது பிள்ளை.

"நல்லா அமுத்தி வச்சுக் கேளு. கடல் சத்தம் கேக்கும்" என்றார் மேடம்.

கேட்காது என்பது செல்விக்குத் தெரியும். காலியான சங்குக்குள்தான் சத்தம். இது நிறைந்திருக்கிறது.

"மேடம்" என்றாள். சண்முகசுந்தரி மேடம் நிமிர்ந்து பார்த்து, அடையாளம் கண்டு, "அட, மணி அடிச்ச பிள்ளைல்லா. நீ எங்க இங்கன?" என்றார்.

"மேடம், இந்தச் சங்கு... மியூசியம் பீஸ் மேடம். மாறி வந்திருச்சு. திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டாள். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்காகவா பைக்குல வெரட்டிட்டு வந்தீங்க? பிளாரன்ஸ் மாறவே இல்ல. நாளைக்கு ரெண்டாவது பேட்ச்சுக்கு வருவேன்லா, கொண்டாந்து தாரேன். பாவம், பிள்ள இப்பத்தான் அழுகைய நிறுத்தியிருக்கு" என்றார்.

பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, யாரோ பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று. நத்தையை ஜன்னல் பக்கமாக மறைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தது. பிறகு அதன் வாயை உற்றுப் பார்த்தது. "உள்ள எதோ அடச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுண்டுவிரலை அந்த வாய்க்கீற்றுக்குக் கொண்டுபோயிற்று.

பாய்ந்து பிடுங்கலாம். பிடுங்கினால் பிள்ளை இன்னும் இறுக்கும், இறுக்கினால் கொத்தும். கத்தலாம். கத்தினால் பஸ் முழுக்கக் கத்தும், அம்மாக்காரி பிள்ளையை இழுப்பாள். நத்தையின் கூரான முனையில் வரிவரியாக ஒரு சின்னக் குழாய் எட்டிப் பார்ப்பதைச் செல்வி கண்டாள். அது சுவாசக் குழாய்தான், கொத்துகிற குழல் இல்லை. ஆனால் இது வந்துவிட்டால் அது வர நேரம் ஆகாது. பிளாரன்ஸ் மேடம் சொன்னதும் தொட்டியும் பட்டமும் அவள் மனதில் இருந்த இடம் தெரியாமல் போயின.

அவள் குனிந்து, மேடத்தின் காதோரமாக, பாட்டுச் சத்தத்துக்குள் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஏழாம் நம்பர் ஸ்பாட்டர் மேடம். உயிரோட இருக்கு."

சண்முகசுந்தரி மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அன்றைக்கு முழுக்க அவரே ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்ட கேள்வி. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் செல்வியைப் பார்க்கவில்லை, பதறவில்லை, பிள்ளையைத் தொடவும் இல்லை. முதுகை நிமிர்த்தினார். தேர்வுக் கூடத்தின் கடைசி வரை கேட்கிற அந்தக் குரலை எடுத்தார்.

"கைய நீட்டு."

பள்ளிக்கூடத்துக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை யோசிக்கவே இல்லை. சுண்டுவிரல் தானாக விலகியது, வலது கை முன்னால் வந்தது, விரல்கள் விறைப்பாக விரிந்தன. விரிந்த உள்ளங்கையில் நத்தை தனியாகக் கிடந்தது. செல்வி இடுக்கியால் அதன் அகன்ற பக்கத்தைக் கவ்வித் தூக்கி, டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள். மூடி டப்பென்று மூடியது.

பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. அம்மாக்காரி, "ஏன் மிஸ், குடுத்துட்டுப் புடுங்கிறிய?" என்று கோபித்தாள். சண்முகசுந்தரி மேடம் பிள்ளையின் கையைப் பிடித்து, உள்ளங்கையை, விரலிடுக்குகளை, நகக்கண்ணை, அப்புறம் காது மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கயாவது குத்துச்சா? எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார். பிள்ளை இல்லை என்று தலையாட்டியது. அதற்கப்புறம் அம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் சட்டென்று பிள்ளையைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

"நானும் பஸ் ஸ்டாண்டுல காதுல வச்சுப் பாத்தேன்" என்றார் மேடம் செல்வியிடம். "சத்தம் வரல. காது மந்தமாயிருச்சோன்னு நெனச்சேனே தவிர, ஏன் வரலன்னு யோசிக்கல. இத்தன வருஷம் பாடம் நடத்தி என்ன பிரயோசனம்?"

"லேபிள நான்தான் மேடம் பிய்ச்சேன்" என்றாள் செல்வி.

"எல்லா ஊர்லயும் பிய்க்கத்தான செய்யுதோம்" என்றார் மேடம். முன்னால் லாரி நகர்ந்திருக்க வேண்டும், டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். "எறங்கும்மா. நாளைக்குப் பேசுவோம்."

முத்தையாபுரத்துச் சாலையோரத்தில் பஸ் போகிற வரைக்கும் நின்றாள். ரெனிஷ் டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி வண்டியின் டாங்க் மேல் வைத்துக்கொண்டு, "நான் வாங்கிட்டு வந்த நத்த ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்திருச்சு, என்ன?" என்றான். அவள் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. கைபேசி அடித்தது.

"கிடைச்சுதா?" என்றார் பிளாரன்ஸ் மேடம்.

"கிடைச்சிருச்சு மேடம். யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு சின்னப் பிள்ள கையில இருந்துச்சு."

"அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான் மொதல்ல சொன்னேன் மேடம். அவங்க சிரிச்சாங்க. பிள்ள உள்ள விரல விடப் போச்சு. பொறவு உள்ளதச் சொல்லிட்டேன்."

தொட்டியைக் கவிழ்த்துவிடு என்கிற வார்த்தைக்காகச் செல்வி காத்திருந்தாள். பயம் எல்லாம் தீர்ந்துபோய், சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தது. லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"செல்வி" என்றார் மேடம். அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. "அதோட வாய் ஈரமா இருந்துச்சு. பரிசாக் குடுக்கிறது ஈரமா இருக்கேன்னு, டிஷ்யூவச் சுருட்டி உள்ள விட்டுத் துடைச்சேன். விரலால தள்ளித் தள்ளித் துடைச்சேன்."

குப்பைக்கூடையில் திரியாகக் கிடந்த அந்தக் காகிதம் செல்வியின் கண் முன்னால் வந்தது.

"இவ்வளவு நேரமும் அவங்க என்ன நெனைப்பாங்க, இவங்க என்ன நெனைப்பாங்கன்னே இருந்துட்டேன். இப்பத்தான் ஏளா, என் விரலப் பாக்கேன்."

செல்விக்கு மேடத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. "மேடம், தொட்டி..." என்று மட்டும் கேட்டாள்.

"மொதல்ல அதக் கொண்டு வந்து தண்ணில விடு. வெயில்ல நிக்காத" என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார்.

அவர்கள் திரும்பியபோது துறை காலியாக இருந்தது. பிளாரன்ஸ் மேடம் மட்டும் அந்த அறையில், தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் தண்ணீர் மாற்றியாகியிருந்தது. செல்வி நத்தையை இடுக்கியால் எடுத்து மெதுவாக உள்ளே இறக்கினாள். மணலில் அது கல்லாகக் கிடந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரிபோட்ட குழாய் வெளியே வந்து தண்ணீரில் இப்படியும் அப்படியும் அசைந்தது.

செல்வி நிமிர்ந்தபோதுதான் தொட்டியின் மேல் புதிதாக ஒட்டியிருந்ததைக் கண்டாள். சிவப்பு மை, மேடத்தின் கையெழுத்து, சற்றே கோணலாக. உயிருள்ளது, தொடாதே என்று மட்டும் இருந்தது.

"பேர எழுதல" என்றார் பிளாரன்ஸ் மேடம். "நாளைக்கு ரெண்டாவது பேட்ச் இருக்குல்லா."